பூஜ்யம் கொடுத்துப் பார்த்தீர்களா

இந்த நிரல் திருத்தத்தின் கீழே, எம்ரிஸ் பார்த்துவிட்டார் என்று அவர் பெயரோடு வரி இருக்கிறது, அப்புறம் நான் எதற்கு இன்னொரு தடவை பார்க்க வேண்டும். பார்க்கத்தான் வேண்டும். போன வாரமே பார்த்திருக்க வேண்டியது. அதை அனுப்பிய கௌரிகாந்தன் இரண்டு தடவை நினைவூட்டி எழுதிவிட்டார், அதுவும் எவ்வளவு பணிவாக, உங்களுக்கு நேரம் கிடைக்கும்போது போதும், அவசரமில்லை என்று. அவசரமில்லை என்று இரண்டு தடவை எழுதுகிறவருக்கு அவசரம் இருக்கிறது. நார்வேயில் எங்கோ மீன் பண்ணையில், தண்ணீருக்கடியில் வைக்கிற கேமராவுக்கு நிரல் எழுதுகிறார், அவ்வளவுதான் அவரைப் பற்றித் தெரியும், பெயரை வைத்துத் தமிழர் என்று தெரியும், ஆனாலும் நாங்கள் இங்கிலீஷில்தான் எழுதிக்கொள்கிறோம், எல்லாருக்கும் போகிற மெயில் லிஸ்ட், ஊரே படிக்குமே. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கோயிலுக்குப் போய்விட்டு வந்து, கீழே அண்ணன் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, வெளிப்படி ஏறி என் அறைக்கு வந்து ஃபேனைப் போட்டு உட்கார்ந்தாயிற்று. அண்ணன் தூங்கியிருப்பான். அவன் மனைவி, என் மைனி, பாத்திரம் கழுவுகிற சத்தம் பின்பக்கத்திலிருந்து வருகிறது. பாளையங்கோட்டையில் இந்த நேரத்துக்குத் தெருவில் நாய்கூட நடக்காது. பார்த்துவிடலாம். சின்ன பேட்ச்தான், இருக்கிற நிரலுக்கு ஒரு திருத்தம். கேமரா ஒரு படம் எடுத்துக் கொடுக்கும்போது, புள்ளிகளை எந்த வரிசையில், எந்த மாதிரி அடுக்கியிருக்கிறேன் என்பதை ஒரு எண்ணால் சொல்லும். அந்த எண்ணுக்குள் நாலு எழுத்து ஒளிந்திருக்கும், ஒரு பைட்டுக்கு ஒரு எழுத்து. ஏதாவது கோளாறு என்றால் கெர்னல், கம்ப்யூட்டரை உள்ளிருந்து ஓட்டுகிற அடிப்படை நிரல், அந்த எண்ணை அப்படியே பதிவில் அச்சடித்துவிடும், பார்க்கிறவருக்கு ஒன்றும் புரியாது. ஆளாளுக்கு அதை எழுத்தாக மாற்ற அவரவர் நிரலில் அவரவர் வழி எழுதி வைத்திருக்கிறார்கள், பாதி தப்பு. இந்த பேட்ச் அந்த வேலையை ஒரே இடத்தில் வைக்கிறது. எண்ணைக் கொடு, நாலு எழுத்தாக அச்சடித்துத் தருகிறேன், எழுத்தாகத் தெரியாத பைட் இருந்தால் அடைப்புக்குறிக்குள் அதன் மதிப்பைத் தருகிறேன், பைட் வரிசை எந்தப் பக்கம் என்றும் சொல்கிறேன், கடைசியில் எண்ணையும் போடுகிறேன். நல்ல காரியம். இது வேண்டும் என்று லிஸ்டில் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தவரே எம்ரிஸ்தான். வந்தபோது பார்த்தார், வரி கொடுத்தார், பிறகு செத்துப்போனார்.

செத்துப்போனார் என்று மனசுக்குள்கூட இப்போதுதான் சொல்கிறேன். இறந்துவிட்டார், காலமானார், இங்கிலீஷில் அவருடைய தங்கை எழுதியது போல அமைதியாகப் பிரிந்தார். அந்த மெயில் லிஸ்டுக்கே வந்தது, பேட்ச்களுக்கு நடுவில், இரண்டே வரி. என் அண்ணன் எம்ரிஸ் வியாழக்கிழமை அமைதியாகப் பிரிந்தார், உங்களோடு வேலை செய்வது அவருக்குப் பிடித்திருந்தது. அவ்வளவு. வேல்ஸில் கடற்கரையை ஒட்டி ஒரு சின்ன ஊர், பெயரை எனக்கு வாசிக்கவே வராது, எல்லாம் மெய்யெழுத்தாக இருக்கும். அதன் கீழே நாற்பது ஐம்பது பேர் வருத்தம் தெரிவித்து எழுதினார்கள். நான் எழுதவில்லை. எழுதத் திறந்து திறந்து மூடினேன். நாற்பதாவது ஆளாக நானும் அதே வார்த்தைகளை எழுதினால் அது என்ன. அதே வரிசையில் ஒருவர், இந்தத் துயரமான நேரத்தில் கேட்பதற்கு மன்னிக்கவும், அவருடைய கோப்புகளை இனி யார் கவனிப்பது என்று கேட்டிருந்தார். தப்பில்லை, கேட்கத்தானே வேண்டும். என் பெயரைத்தான் சொன்னார்கள். எனக்குப் பதினொரு வருஷமாக அவரைத் தெரியும். தெரியும் என்றால் என்ன. முகம் தெரியாது, அவர் எங்கேயும் படம் போட்டதில்லை. வயசு தெரியாது. கல்யாணம் ஆனவரா தெரியாது, தங்கை எழுதியதைப் பார்த்தால் ஆகாதவராக இருக்கலாம், என்னைப் போல. மாநாட்டுக்கு வரமாட்டார். போனில் பேசலாமா என்று யாராவது கேட்டால் எழுதுவதே தெளிவாக இருக்கும் என்பார். ஆனால் அவர் ஒரு பேட்ச்சை எப்படி வாசிப்பார் என்று எனக்குத் தெரியும். 'ஒரு சின்ன விஷயம்' என்று ஆரம்பிப்பார். அந்தச் சின்ன விஷயத்தைத் தொட்டால் மொத்தமும் சரிந்துவிடும், திரும்ப எழுத வேண்டியிருக்கும். ஆனாலும் கோபம் வராது. நான் முதன்முதலில் அனுப்பியது அப்படித்தான் சரிந்தது. அதை மறுபடி கட்ட அவர் பொறுமையாக, வரி வரியாக, ஒரு மாதம் கூடவே இருந்தார். அந்த மாதம்தான் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தது. வார்டு வாசலில் மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அவருக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன், அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை எழுதியதில்லை. அவரும் கேட்டதில்லை. ஆனால் அந்த ஒரு மாதமும் காலையில் மெயிலைத் திறந்தால் ஒரு ஆள் என் வேலையை உட்கார்ந்து கவனமாகப் படித்திருக்கிறார் என்பது இருந்தது. யார் படிக்கிறார்கள் ஒருத்தர் செய்ததை அப்படி.

படியில் காலடி. மைனி. கையில் தட்டில் மூடி போட்ட கிண்ணம். "ஏளா ஹெப்சி, பாயசம் குடிக்காமலே ஏறி வந்துட்ட. ரெண்டு வாய் சாப்பிட்டா ஒனக்கென்ன?" கிண்ணத்தை மேஜையில் வைத்தவள் உடனே போகவில்லை, கட்டிலில் உட்கார்ந்து முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். கீழே அடுப்பு வெக்கை. ரோஸ்லின் மைனி இந்த வீட்டுக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது, என்னோடு சண்டை போட்டதே கிடையாது, எனக்குக் கல்யாணம் ஆகாததைப் பற்றி ஒரு நாளும் ஒரு சொல் சொன்னதில்லை, அதற்காகவே அவளிடம் எனக்கு ஒரு கூச்சம். "மொகமே சரியில்லியே ஒரு மாசமா. ஒங்க அண்ணனும் கேட்டாவ. ஒடம்புக்கு என்னமும் செய்யுதா?" "ஒண்ணுமில்ல மைனி." "ஒண்ணுமில்லாமலா கோயில்ல பாட்டுப் படிக்கும்போது ஒனக்குக் கண்ணு நெறஞ்சுச்சு?" பார்த்திருக்கிறாள். எல்லாரும் பாட்டுப் புத்தகத்தைப் பார்க்கும்போது இவள் மட்டும் என்னைப் பார்த்திருக்கிறாள். சரி, சொல்லிவிடலாம், யாரிடமாவது சொல்லத்தானே வேண்டும். "கூட வேலை பாத்த ஒருத்தரு இறந்துட்டாரு மைனி." "அய்யோ. யாரு? மெட்ராஸா, பெங்களூரா?" "வெளிநாடு." "நல்லாப் பழக்கமோ?" "பதினோரு வருஷம்." "அப்ப வீட்டுக்கெல்லாம் வந்திருக்காவளா? நான் பாத்திருக்கேனா?" "இல்ல மைனி. நானே பாத்ததில்ல." "பாத்ததில்லியா?" "போன்ல பேசினதும் இல்ல. எழுதிக்கிடுவோம். வேலையப் பத்தி மட்டுந்தான்." மைனி என் முகத்தையே பார்த்தாள். கேலி இல்லை, சந்தேகம்கூட இல்லை, உண்மையாகவே எங்கே வைப்பது என்று தெரியாத ஒரு சாமானைக் கையில் வாங்கியவள் மாதிரி பார்த்தாள். எனக்கே தெரியாதபோது அவளுக்கு எப்படித் தெரியும். சொந்தம் செத்தால் துட்டி விசாரிக்கப் போகலாம், சிநேகிதி செத்தால் அவள் வீட்டில் போய் உட்கார்ந்து அழலாம். முகம் பார்க்காத ஒரு வெள்ளைக்காரர், கேமரா நிரலைத் திருத்திக் கொடுத்தவர், செத்தால் எந்த வாசலில் போய் நிற்பது. "பாவம்" என்றாள் மைனி கடைசியில், "வயசானவங்களா?" "தெரியாது மைனி." எழுந்து என் தோளில் கையை வைத்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு, "பாயசம் ஆறிரும்" என்று சொல்லிக் கீழே போனாள். நான் மூடியைத் திறக்கவில்லை. திரையைப் பார்த்தேன்.

வாசி. வரிசையாக வாசி. எழுத்துகளை எடுத்து வைக்க ஒரு பஃபர், இத்தனை இடம் என்று முன்னாலேயே ஒதுக்கி வைக்கிற பெட்டி. எழுத்தாகத் தெரிகிற பைட்டுக்கு ஒரு இடம். தெரியாத பைட்டுக்கு, அடைப்புக்குறி திறக்க ஒன்று, மதிப்புக்கு இரண்டு, மூட ஒன்று, நாலு இடம். நாலு பைட்டும் தெரியாதவையாக இருந்தால் பதினாறு. பரவாயில்லை, பதினாறு வைத்திருக்கிறார். பைட் வரிசையைச் சொல்கிற இரண்டு வார்த்தைகளில் நீளமானதற்கு இடம், அதுவும் இருக்கிறது. கடைசி எண்ணுக்கு இடம் இருக்கிறது, இடைவெளிகளையும் சேர்த்திருக்கிறார், கெட்டிக்காரர். அப்புறம் முடிவைக் குறிக்கிற ஒன்று. இங்கேதான் விரல் நின்றது. எண்ணினேன். திரும்ப எண்ணினேன். இல்லை. முடிவைக் குறிக்கிற பைட்டுக்கு இடம் இல்லை. ஒரே ஒரு இடம் குறைகிறது. பெட்டி நிறைந்ததும் அடுத்த பைட் பெட்டிக்கு வெளியே, பக்கத்தில் வேறு யாருடைய சாமானோ இருக்கிற இடத்தில் போய் விழும். சரி, ஆனால் எப்போது. நாலு பைட்டும் எழுத்தாகத் தெரியாமல் இருந்தால் மட்டும். ஒன்று சரியாக இருந்தாலும் பெட்டி போதும். நாலும் குப்பையாக எந்தக் கேமரா கொடுக்கும்? நடக்காது. கோடியில் ஒன்று. அப்படி ஒரு நிம்மதி வந்தது எனக்கு, பேசாமல் என் வரியையும் கொடுத்து அனுப்பிவிடலாம், எம்ரிஸ் பெயருக்குக் கீழே என் பெயர், கடைசியாக ஒரு தடவை பக்கத்தில் பக்கத்தில். நிம்மதி வந்த அதே மூச்சில் தெரிந்துவிட்டது. பூஜ்யம். யாரும் எதையும் இன்னும் நிரப்பாத எண் பூஜ்யம். நாலு பைட்டும் பூஜ்யம், எதுவும் எழுத்தில்லை. கோடியில் ஒன்று இல்லை, கோளாறான ஒவ்வொரு கேமராவும் முதலில் கொடுப்பது அதுதான். (00)(00)(00)(00) என்று அச்சடிக்கப் போய் கெர்னல் தன் தலையிலேயே தட்டிக்கொள்ளும்.

பூஜ்யம் கொடுத்துப் பார்த்தீர்களா. எம்ரிஸ் கேட்பது. யாரிடமும், எதற்கும், முதலில் கேட்பது. என்னிடம் கேட்டிருக்கிறார், மற்ற எல்லாரிடமும் கேட்டிருக்கிறார், லிஸ்டில் அது ஒரு சிரிப்பாகவே ஆகியிருந்தது, பேட்ச் அனுப்புகிறவர்கள் கீழே 'ஆமாம் எம்ரிஸ், பூஜ்யம் கொடுத்துப் பார்த்தேன்' என்று எழுதி அனுப்புவார்கள். இந்தப் பேட்ச்சுக்கு அவர் கேட்கவில்லை. பழைய மெயிலைத் தேடி எடுத்தேன். சின்ன விஷயம் என்று ஒன்றும் இல்லை. கேள்வி இல்லை. வணக்கம்கூட இல்லை. பார்த்தேன் என்ற அந்த ஒரு வரி, அவர் பெயர், முகவரி. தேதியைப் பார்த்தேன், பார்த்திருக்க வேண்டாம். அவர் பிரிந்த வியாழக்கிழமைக்குக் கொஞ்ச நாள் முன்னால். அப்படியென்றால் அவர் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. படுக்கையில் கிடந்திருப்பார், எழுத்து மங்கியிருக்கும், மருந்து தூக்கம் போட்டிருக்கும், ஆனாலும் இவ்வளவு நாள் கேட்ட ஒன்று வந்துவிட்டதே, ஒரு ஆள் காத்துக்கொண்டிருக்கிறாரே என்று அந்த ஒரு வரியை மட்டும் தட்டி அனுப்பியிருப்பார். ஒருவரும் கவனிக்கவில்லை. நானும் அன்றைக்கு அந்த மெயிலைப் பார்த்தேன், எம்ரிஸ் பார்த்துவிட்டார், இனி கவலையில்லை என்று அடுத்ததற்குப் போனேன். அந்த ஒற்றை வரிக்குள் அவர் அப்படிக் கிடந்திருக்கிறார். இப்போது நான் இதை எழுதினால் என்ன ஆகும். ஒரு இடம் குறைகிறது என்று லிஸ்டில் போட்டால் கணக்குத் தெரிந்த எல்லாருக்கும் தெரியும், எம்ரிஸ் பூஜ்யத்தை விட்டுவிட்டார் என்று. அந்த லிஸ்ட் அழியாது, இன்னும் இருபது வருஷம் கழித்து எவனோ தேடிப்போய்ப் படிப்பான். சத்தமில்லாமல் கௌரிகாந்தனுக்குத் தனியாகச் சொல்லலாம், அவர் ஒரு இடத்தைக் கூட்டிவிட்டு எம்ரிஸ் வரியை அப்படியே வைத்து அனுப்பலாம். வழக்கத்தில் இடம் உண்டு, சின்ன மாற்றம் என்றால் பழைய வரிகளை வைத்துக்கொள்ளலாம். பெரிய மாற்றம் என்றால் எடுத்துவிட வேண்டும், பார்த்தவர் திரும்பப் பார்த்துக் கொடுக்கலாம். திரும்பப் பார்த்துக் கொடுக்கலாம். இது சின்ன மாற்றமா பெரிய மாற்றமா. ஒரு பைட். எம்ரிஸ் இருந்தால் என்ன சொல்வார் என்று கேட்டுக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை, அவர் சொல்வது எனக்கு மனப்பாடம். பார்த்தேன் என்றால் பார்த்திருக்க வேண்டும். ஒரு தடவை ஒரு பெரிய கம்பெனிக்காரர் தான் பார்க்காத திருத்தத்துக்கு வரி கொடுத்தபோது எம்ரிஸ் கடுமையாக எழுதியது அது ஒன்றுதான். அந்த மனுஷர் பெயரிலேயே ஒரு பொய்யை நான் பத்திரப்படுத்தி வைப்பதா, அன்பினால்.

எழுதினேன். அழித்தேன். நன்றி என்று ஆரம்பித்து, அவரைப் பற்றி ஒரு பத்தி எழுதி, அழித்தேன். கடைசியில் அவர் எழுதுகிற மாதிரியே எழுதினேன். ஒரு சின்ன விஷயம். எண் பூஜ்யமாக இருந்தால் பஃபரில் ஒரு இடம் குறைகிறது. திருத்திய பிறகு எம்ரிஸின் வரியை எடுத்துவிடவும், புதிய வடிவத்தை அவர் பார்க்கவில்லை. அனுப்பு என்பதை அழுத்திவிட்டுக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவரைப் புதைத்த இடம் எனக்குத் தெரியாது, புதைத்தார்களா எரித்தார்களா தெரியாது, ஆனால் மண் தள்ளியது போல இருந்தது.

கொஞ்ச நேரத்தில் தனி மெயில் வந்தது, தமிழில். அக்கா, உங்களோடு ஐந்து நிமிடம் கதைக்கலாமா. நம்பர் கொடுத்தேன். மணி அடித்தது. "வணக்கம் அக்கா, கௌரிகாந்தன். அக்கா எண்டு கூப்பிடலாந்தானே?" நாற்பது வயசுக் குரல், இலங்கைத் தமிழ், பின்னால் மழை பெய்கிற சத்தம். "கூப்பிடுங்க தம்பி." "நீங்கள் சொன்னது சரி. இப்பதான் பூச்சியம் குடுத்துப் பாத்தனான், விழுந்திட்டுது. அது நான் செய்த பிழை, அவற்ற பிழை இல்லை." "தெரியும்." "அந்த வரியை நான் வேணுமெண்டுதான் விட்டனான் அக்கா. அவற்ற பேர் கடைசியா ஒண்டில வரட்டும் எண்டு. அவர் பாக்கேல்ல எண்டு எனக்கும் விளங்கினது. ஆனா எடுக்க மனம் வரேல்ல." இந்த மனுஷருக்கும் அதே தவிப்பு இருந்திருக்கிறது. மழைக்குள் எங்கோ ஒரு மேஜையில் இவரும் அந்த வரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். "அவரோட நீங்க பேசியிருக்கீங்களா?" என்று கேட்டேன், ஏன் கேட்டேன். "ஒருக்கா. போன வருசம் நானே கோல் எடுத்தனான், ஒரு அவசரம். எடுக்கமாட்டார் எண்டு நினைச்சன், எடுத்திட்டார்." எனக்குப் பொறாமையாக இருந்தது. "குரல் எப்படி இருக்கும்?" கேட்டுவிட்டேன். "உங்களுக்குத் தெரியாதோ அக்கா? அவருக்கு வாய் திக்கும். கடுமையாத் திக்கும். ஒரு வசனம் முடிய எவ்வளவு நேரம் எடுக்கும் தெரியுமோ. நான் முதல்ல லைன் சரியில்லை எண்டு நினைச்சன். பிறகுதான் விளங்கினது." பதினொரு வருஷம் நான் அவருக்கு ஒரு குரல் வைத்திருந்தேன். கனமான, நிதானமான, பெரிய மனுஷக் குரல், கோயிலில் பாடம் வாசிக்கிறவர் மாதிரி. மெயில் படிக்கும்போதெல்லாம் அந்தக் குரலில்தான் கேட்கும். அது யாருடைய குரலோ. "சிரிப்பார் அக்கா, நடுவில நிண்டிட்டா தானே சிரிப்பார். இந்த பேட்ச்சைப் பற்றியும் கதைச்சனாங்கள், நீரே எழுதும் எண்டு சொன்னவர். எழுதி முடிஞ்சதும் உங்களிட்டக் காட்டச் சொன்னவர். உங்கட பேரைச் சொல்ல அவருக்கு வரவேயில்லை. ஹெ, ஹெ எண்டு நிண்டு, திரும்ப ஹெ எண்டு, நான் பேரைச் சொல்லிக் குடுக்க வாயெடுக்க, பொறும் எண்டிட்டார். தானே சொல்லவேணும் எண்டு. அரைவாசி நிமிசம் இருக்கும். கடைசியிலை சொல்லிப்போட்டார்."

"முழுசாவா?" என்றேன். "ஓம் அக்கா, முழுப்பேரும்." மழைச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. நான் போனைக் காதோடு வைத்துக்கொண்டு அழுதேன், மறைக்கவில்லை, அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "நான் புதுசை அனுப்பிவிடுறன்" என்றார். "அனுப்புங்க தம்பி" என்றேன்.

அனுப்பினார். ஒரு இடம் கூடியிருந்தது. எம்ரிஸ் வரி இல்லை. கேமரா மாட்டிய என் சோதனைப் பலகையில் ஏற்றி ஓட்டினேன், பூஜ்யம் கொடுத்தேன், நாலு அடைப்புக்குறியும் ஒழுங்காக அச்சாகி நின்றது, விழவில்லை. பதில் எழுதப் போகும்போதுதான் மேலே கவனித்தேன். யார் யாருக்குப் போகிறது என்கிற பட்டியல், அது வரிகளைப் பார்த்து இயந்திரம் தானாகப் போடுவது. வரி போனதும் எம்ரிஸ் முகவரியும் போயிருந்தது. இதுவரை போனதெல்லாம் அவருக்கும் போய்க்கொண்டிருந்தது, இன்று மத்தியானம் நான் எழுதியது வரைக்கும், யாரும் திறக்காத ஒரு மெயில் பெட்டிக்குள். இனிமேல் போகாது. பட்டியல் மற்ற பெயர்களோடு சின்னதாக, சரியாக இருந்தது. பார்த்தேன் என்ற வரியை எழுதி என் முழுப்பெயரையும் அடித்தேன். பிறகு அவருடைய முகவரியை, ஒவ்வொரு எழுத்தாக, கையால் பட்டியலில் சேர்த்தேன். அதற்கு விதி எதுவும் இல்லை. அனுப்பினேன்.

போய்விட்டது. திரும்பி வருமோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன், அப்படி ஒரு ஆள் இங்கே இல்லை என்று எந்த இயந்திரமாவது சொல்லி அனுப்புமோ என்று. வெயில் ஜன்னல் கம்பியிலிருந்து இறங்கித் தரைக்கு வந்திருந்தது. கீழே அண்ணன் எழுந்து இருமுகிற சத்தம், மைனி டீக்குத் தண்ணீர் வைக்கிற சத்தம். "ஏளா ஹெப்சி" என்று கூப்பிட்டாள். "வாறேன் மைனி" என்றேன். திரையில் எதுவும் திரும்பி வரவில்லை. இன்னும் ஒரு நிமிஷம் இருந்துவிட்டுப் போகலாம் என்று இருந்தேன்.